சக்கரமும் வேகமும்: துவிச்சக்கரவண்டி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

துவிச்சக்கரவண்டியின் சக்கரத்தை மாற்றினால் அதன் வேகம் கூடுமா என்னும் வினா, முதற்பார்வையில் பொறியியலாளருக்கும் பந்தய வீரருக்கும் மட்டுமே உரியதாகத் தோன்றலாம். இலக்கியத்தையும் சமூக வரலாற்றையும் பயில்வோருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பாரும் உளர். ஆயினும், பொருட்களின் இயற்கைக் குணங்களாகத் தோற்றமளிக்கும் பல பண்புகள் உண்மையில் மனிதரிடையேயான உறவுகளின் விளைவுகளே என்பதைப் பண்டம் பற்றிய ஆய்வில் மாக்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். வேகமும் இத்தகைய ஒரு பண்பாகும். 'வேகமான சக்கரம்' என்று நாம் கூறும்போது, அவ்வேகம் சக்கரத்தினுள்ளேயே உறைந்து கிடப்பது போன்ற மயக்கம் உண்டாகின்றது. எந்தப் பாதையில், எவருடைய கால்களால், எவருடைய உழைப்பின் பயனாக, எத்தேவையின் பொருட்டு அவ்வேகம் பெறப்படுகின்றது என்ற வினாக்கள் மறைந்துவிடுகின்றன. அவ்வினாக்களை மனங்கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் சக்கரத்தில் ஏற்பட்ட முக்கிய மாற்றங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெருஞ்சக்கரமும் அதன் எல்லையும்

சக்கரமே வேகமாக இருந்த ஒரு காலம் உண்மையிலேயே இருந்தது. 1860களில் பாரிஸ் நகரிற் பரவிய மிதிவண்டியில் மிதிகள் முன்சக்கரத்தின் அச்சுடன் நேராகப் பொருத்தப்பட்டிருந்தன. மிதி ஒருமுறை சுழன்றால் சக்கரமும் ஒருமுறையே சுழலும். ஆகவே, ஒரு மிதிப்பில் வண்டி கடக்கும் தூரம் சக்கரத்தின் சுற்றளவுக்குச் சமமாகும். 90 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.8 மீற்றர் செல்லும். 150 சென்ரிமீற்றர் விட்டமுள்ளது ஏறத்தாழ 4.7 மீற்றர் செல்லும். வேகம் வேண்டுமாயின் சக்கரத்தைப் பெருப்பிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் மரச் சக்கரத்தை விரும்பியவாறு பெருப்பித்தல் இயலாது. அதன் ஆரக்கால்கள் நெருக்கு விசையைத் தாங்குவன. சக்கரம் பெரிதாக அவையும் தடித்துப் பாரம் கூடும். 1869இல் பாரிஸ் நகரைச் சேர்ந்த எயூஜின் மேயர் உரிமம் பெற்ற கம்பிச் சக்கரம் இத்தடையைத் தகர்த்தது. இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய உலோகக் கம்பிகள், இழுவை விசையின் மூலம் பாரத்தைத் தாங்கின. 1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜேம்ஸ் ஸ்ராளி இம்முறையைக் கைக்கொண்டு பெருஞ்சக்கர வண்டிகளைச் செய்தார். 1874இல் அவர் கம்பிகளை அச்சுக்குடத்திலிருந்து தொடலிக் கோடாகச் செல்லுமாறு அமைத்தார். இன்று நாம் காணும் சாதாரணச் சைக்கிளின் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்வது இதன் வழியேயாகும்.

இம்மாற்றம் கொவென்றியில் நிகழ்ந்தமை தற்செயலானதன்று. அந்நகரம் பட்டு நாடா நெசவுக்கும் மணிக்கூட்டுத் தொழிலுக்கும் பெயர் பெற்றிருந்தது. 1860இல் பிரான்சுடன் செய்யப்பட்ட வர்த்தக உடன்படிக்கை இறக்குமதித் தீர்வையை நீக்கியமையால் நாடாத் தொழில் நிலைகுலைந்தது. நுண்ணிய கைத்திறன் படைத்த தொழிலாளர் பலர் வேலையிழந்து நின்றனர். தையல் இயந்திரம் செய்துவந்த நிறுவனம் ஒன்றே 1869இல் மிதிவண்டி உற்பத்தியில் இறங்கியது. எனவே, கம்பிச் சக்கரத்தின் பின்னணியில் ஒரு தொழிலின் வீழ்ச்சியும் அதனால் மலிவாகக் கிடைத்த திறனுழைப்பும் இருந்தன என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

பெருஞ்சக்கரத்தின் வேகம் எவருக்கு உரியதாயிருந்தது? சக்கரத்தின் அளவை ஓட்டுபவரின் கால் நீளமே தீர்மானித்தது. உயரத்திலிருந்து தலைகுப்புற விழும் ஆபத்து எப்போதும் உடனிருந்தது. விலையோ தொழிலாளிக்கு எட்டாதது. அக்காலத்து நீண்ட உடையுடன் பெண்கள் அதில் ஏறுதல் இயலாது. வசதியும் ஓய்வும் உடலுறுதியும் படைத்த இளம் ஆண்களின் விளையாட்டாகவே அது இருந்தது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராளி வெளியிட்ட 'ரோவர்' வண்டி, சங்கிலியையும் பற்சில்லுகளையும் பயன்படுத்தி மிதியின் சுழற்சியையும் சக்கரத்தின் சுழற்சியையும் பிரித்துவிட்டது. அன்றுதொட்டு வேகத்துக்கும் சக்கரத்தின் பருமனுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அற்றுப்போயிற்று. எனினும், ஆங்கிலம் பேசும் நாடுகளில் பற்சில்லின் விகிதத்தைச் சக்கர விட்டத்தின் அங்குலக் கணக்கிற் குறிப்பிடும் வழக்கம் இன்றும் எஞ்சியுள்ளது. பொருள் மறைந்த பின்னரும் அதன் அளவுகோல் மொழியில் நிலைத்திருப்பதற்கு இது ஓர் உதாரணமாகும்.

2. காற்றடைத்த சக்கரம்: கண்டுபிடிப்பும் காலமும்

சக்கரத்தில் ஏற்பட்ட மாற்றங்களுள் மிகப் பெரும் விளைவை உண்டாக்கியது காற்றடைத்த ரயர் ஆகும். பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கரவண்டிக்காக 1887இல் இதைச் செய்து பார்த்து, 1888இல் உரிமம் பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1889 மே மாதத்தில் பெல்பாஸ்றில் நிகழ்ந்த போட்டிகளில் வில்லியம் ஹியூம் என்பவர் இத்தகைய ரயர் பூட்டிய வண்டியில் வந்து வெற்றி பெற்றார். தடித்த ரயரைக் கண்டு நகைத்தவர்கள் சில ஆண்டுகளுள் அதனையே நாடினர். 1891இல் பாரிசுக்கும் பிரெஸ்ற் நகருக்கும் இடையே சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர்ப் போட்டியில் சாள்ஸ் ரெறோன் காற்றடைத்த ரயருடன் முதலாவதாக வந்தார்.

இங்கு, சக்கரத்தை மாற்றியதால் வேகம் கூடியது என்பதில் ஐயமில்லை. அதற்கான காரணத்தை நோக்குதல் வேண்டும். திண்ம இறப்பர் பூட்டிய சக்கரம் ஒரு கல்லின் மீது ஏறும்போது வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்க வேண்டியுள்ளது. அவ்வாறு செலவாகும் சக்தி அதிர்வாக உடலினுள் வீணாகின்றது. காற்றடைத்த ரயரோ கல் பட்ட இடத்தில் மட்டும் உள்ளொடுங்கி மீள்கின்றது. அதாவது, ரயர் புதிதாகச் சக்தி எதனையும் தருவதில்லை. ஓட்டுபவரின் உழைப்பில் வீணாகும் பங்கைக் குறைக்கின்றது. பாதை கரடுமுரடாக இருக்குமளவுக்கு இந்நன்மை மிகுதி. ஆகவே இரயரின் வேகம் என்பது, செப்பனிடப்படாத 19ஆம் நூற்றாண்டுப் பாதையுடன் அது கொண்ட உறவேயாகும். 2010களில் ஐரோப்பியப் பந்தய வீரர்கள் 23 மில்லிமீற்றர் அகலமான ரயர்களைக் கைவிட்டு, அகலங்கூடிய, அமுக்கங்குறைந்த ரயர்களுக்குத் திரும்பியமை இவ்வுண்மையை மீண்டும் உறுதிசெய்தது. ஒடுங்கியதும் இறுகியதுமே வேகமானது என்ற நெடுநாள் நம்பிக்கை, உண்மைப் பாதையின் முன் நிலைக்கவில்லை.

காற்றடைத்த ரயரை முதலில் எண்ணியவர் டன்லொப் அல்லர். ரொபேட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொத்லாந்தியர் 1845இலேயே அதற்கு உரிமம் பெற்று, குதிரை வண்டிகளிற் பூட்டி இலண்டனிற் சோதித்தும் காட்டினார். அவருடைய கண்டுபிடிப்பு நாற்பது ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. காரணம் அதன் குறைபாடு மட்டுமன்று. குதிரையின் உழைப்பை மிச்சப்படுத்த அவ்வளவு விலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. மெல்லிய இறப்பர் மலிவாகக் கிடைக்கவுமில்லை. மனிதன் தன் தசையின் வலுவால் தானே இயக்கும் வண்டி பெருந்தொகையாக வந்த பின்னரே, வீணாகும் ஒவ்வோர் உந்தலும் கணக்கிற் கொள்ளப்படலாயிற்று. கண்டுபிடிப்புக்கள் தனியொருவரின் ஆக்கங்களாயிருத்தல் மிக அரிது என்பதைத் தொழில்நுட்பத்தின் விமர்சன வரலாறு காட்டும் என 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் மாக்ஸ் கூறியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

தொம்சனின் பழைய உரிமம் காரணமாக டன்லொப்பின் உரிமம் செல்லுபடியற்றதாயிற்று. ஆயினும் மூலதனம் அதனாற் பின்வாங்கவில்லை. 1896இல் ஏணஸ்ற் ரெறா ஹூலி என்னும் முதலீட்டுத் தரகர், ரயர் நிறுவனத்தை 30 இலட்சம் பவுணுக்கு வாங்கி, 50 இலட்சம் பவுண் பெறுமதியான புதிய நிறுவனமாகப் பங்குச் சந்தையில் விட்டார். இரு தொகைகளுக்கும் இடையே எந்தச் சக்கரமும் முன்னிலும் வேகமாக உருளவில்லை. 1898இல் ஹூலி வங்குரோத்தானார்.

3. இறப்பரின் மறுபக்கம்

சக்கரம் ஒருவரின் உழைப்பை மிச்சப்படுத்தியபோது வேறெவரின் உழைப்பைச் செலவிட்டது என்பது அடுத்த வினா. 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுந்த சைக்கிள் மோகம் இறப்பரின் தேவையைப் பெருக்கியது. அதனைத் தொடர்ந்து மோட்டார் வண்டி வந்தது. அப்போது இறப்பர் பெரும்பாலும் காட்டிலிருந்தே பெறப்பட்டது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியாட்சியில் 1885 முதல் இருந்த கொங்கோவில், இறப்பர் சேகரித்தல் கட்டாய உழைப்பாக்கப்பட்டது. குறித்த அளவைக் கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டன, பெண்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன. ரொஜர் கேஸ்மென்ற் எழுதி 1904இல் வெளியான அறிக்கையும், ஈ. டி. மொறெல் நடத்திய பிரசாரமும் இக்கொடுமையை உலகறியச் செய்தன. 1908இல் கொங்கோ மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. அமேசன் பகுதியின் புற்றுமாயோ ஆற்றோரம் வாழ்ந்த பழங்குடியினர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் பற்றிய கேஸ்மென்றின் அறிக்கை 1912இல் வெளியாயிற்று.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டனின் கியூ தாவரவியற் பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அவற்றுட் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள், இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடவில் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் விரைவாகப் பரவின. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும், அயற் கிராமங்களின் சிங்களத் தொழிலாளரும் விடியற்காலையில் மரம் மரமாகச் சென்று பால் வெட்டினர். 1910களின் நடுப்பகுதிக்குள் தோட்ட இறப்பர் உலகச் சந்தையிற் காட்டு இறப்பரை முந்திவிட்டது. கொங்கோவின் சாட்டைக்குப் பதிலாக இங்கு பெரட்டும் கங்காணியும் துண்டு முறையும் இருந்தன. சக்கரத்தின் சுழற்சியைத் தம் உழைப்பால் இலகுவாக்கிய இத்தொழிலாளருள் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. வேகத்தின் வரலாற்றை எழுதுவோர் இவர்களையும் அவ்வரலாற்றின் மாந்தராகக் கொள்ளல் வேண்டும்.

எனினும் இதன் மறுதலையையும் காணாதிருத்தல் இயங்கியல் நோக்குக்கு ஒவ்வாது. காற்றடைத்த ரயரும் சங்கிலியும் சேர்ந்து சைக்கிளை உழைப்பாளரின் ஊர்தியாக்கின. விலை வீழ்ந்தது, பழைய வண்டிகள் கைமாறின. 1894இல் பேர்மிங்காமில் 'கிளாரியன்' சைக்கிள் கழகம் தோன்றி, சோசலிசப் பிரசுரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. 1896இல் ஜேர்மனியின் ஒஃபென்பாக்கில் 'ஒருமைப்பாடு' என்ற பெயருடன் தொழிலாளர் சைக்கிள் சங்கம் அமைந்தது. நாஜிகள் 1933இல் அதனைத் தடைசெய்தனர். பெண்கள் துணையின்றி வீட்டுக்கு வெளியே செல்லும் வாய்ப்புப் பெற்றனர். அதே 1896இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'அதிட்டச் சக்கரங்கள்' நாவலில், துணிக்கடைச் சிற்றூழியன் ஒருவன் விடுமுறையிற் சைக்கிளேறித் தென் இங்கிலாந்தைக் காண்கின்றான். கீழ்நடுத்தர வகுப்பினன் ஒருவன் நாவலின் நாயகனாய்ப் பாதையில் இறங்குவதற்கு இச்சக்கரம் வழிசெய்தது. கொங்கோவின் துயரமும் இவ்விடுதலையும் ஒரே பண்டத்தின் இரு முகங்கள் ஆகும்.

4. வட்டுச் சக்கரமும் ஒரு மணி நேரச் சாதனையும்

இனி, இக்காலத்துச் சக்கரங்களை நோக்குவோம். ஒரு மணி நேரத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்னும் சாதனை இதற்குத் தக்க அளவுகோலாகும். 1893இல் பாரிசில் ஹென்றி டெகிறாஞ் 35.325 கிலோமீற்றர் ஓட்டினார். 1972இல் மெக்சிக்கோ நகரில் எடி மேர்க்ஸ் சாதாரணக் கம்பிச் சக்கரங்களுடன் 49.431 கிலோமீற்றர் ஓட்டினார். 1984 ஜனவரியில் அதே நகரில் பிரான்செஸ்கோ மோசர், கம்பிகளற்ற வட்டுச் சக்கரங்களுடன் 51.151 கிலோமீற்றரை எட்டினார். இவ்வேறுபாடு முழுவதும் வட்டுச் சக்கரத்தின் கொடையெனப் பலர் கருதினர். ஆனால் கைப்பிடி, உடை, பயிற்சிமுறை யாவும் அப்போது மாறியிருந்தன.

இது தொடர்பாகக் கிறிஸ் போட்மனின் அனுபவம் தெளிவு தருகின்றது. 1996இல் மான்செஸ்ரர் ஓடுகளத்தில் கைகளை முன்னே நீட்டிய நிலையில் அவர் 56.375 கிலோமீற்றர் ஓட்டினார். பின்னர், உலகச் சைக்கிள் சம்மேளனம், மேர்க்ஸ் பயன்படுத்தியது போன்ற வண்டியில் ஓட்டியவற்றையே சாதனையாக ஏற்பதென 2000இல் விதித்தது. அவ்வாண்டு அதே களத்தில், கம்பிச் சக்கர வண்டியில், அதே போட்மன் ஓட்டிய தூரம் 49.441 கிலோமீற்றர், மேர்க்சிலும் 10 மீற்றர் மட்டுமே அதிகம். ஏறத்தாழ 7 கிலோமீற்றர் வேறுபாட்டில் அவரது வயது நான்காண்டு கூடியிருந்தமைக்கும் ஒரு பங்குண்டு. பெரும்பங்கு உடல் காற்றை எதிர்கொண்ட நிலைக்குரியது. சக்கரத்தின் பங்கு அவற்றோடு கலந்த ஒன்றே. 2014இல் விதி மீண்டும் தளர்த்தப்பட்டது. 2022இல் பிலிப்போ கன்னா 56.792 கிலோமீற்றர் ஓட்டினார். எது மனிதனின் சாதனை, எது கருவியின் சாதனை என்பதை இயற்கை வகுக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் விதியே மாறிமாறி வகுத்தது.

பௌதிகம் கூறுவதும் இதுவே. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையிற் செல்பவர் எதிர்கொள்ளும் தடையிற் பெரும்பகுதி வளித்தடையாகும். அவ்வளித்தடையிலும் பெரும்பகுதி அவருடைய உடலினாலேயே உண்டாகின்றது. சக்கரத்தின் பங்கு சிறியது, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. தரையைத் தொடும் புள்ளி கணநேரம் அசைவற்றிருக்க, சக்கரத்தின் உச்சிப் புள்ளி வண்டியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்துடன் காற்றைக் கிழிக்கின்றது. அங்கு கம்பிகளைக் குறைத்து விளிம்பை ஆழமாக்குவதால் நன்மையுண்டு. வளித்தடையை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப வளர்வதால், மொத்த வளித்தடையில் 3% குறைந்தால் வேகம் ஏறத்தாழ 1% மட்டுமே கூடும். ஒரு மணி நேர ஓட்டத்தில் இது 36 செக்கன்கள். விளிம்பின் பாரத்தைக் குறைப்பதன் பயன் இன்னும் சிறிது. விளிம்பிலுள்ள திணிவு ஆர்முடுகலின்போது இருமடங்காகக் கணிக்கப்படும் என்பது உண்மையே. 400 கிராம் குறைந்தால் 800 கிராம் குறைந்ததற்குச் சமம்; ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனின் அது 1%. சீரான வேகத்திற் சமதரையிற் செல்லும்போது அந்நன்மையும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

5. எவருடைய வேகம்?

36 செக்கன்கள் பந்தய வீரருக்கு வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கும் இடைவெளி. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் 4 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வேலைத்தலத்துக்குச் செல்லும் தொழிலாளிக்கு அது 16 நிமிடத்திற் பத்துச் செக்கனும் ஆகாது. அவ்வேகத்தில் வளித்தடையின் பங்கு சுருங்கி, ரயரின் உருளல் தடை அதற்கு ஈடாக எழுகின்றது. அவருக்குத் தேவையானவை முறையாகக் காற்றடித்த நல்ல ரயரும் குழியற்ற வீதியுமேயாகும். ஆனால் சந்தை அவருக்கும் வீரரின் சக்கரத்தையே கனவாக விற்கின்றது. இக்காபன் சக்கரங்களுட் பெரும்பாலானவை இன்று தாய்வானிலும் சீனாவிலுமே செய்யப்படுகின்றன. அவற்றைச் செய்பவரின் பெயர் அவற்றில் இருப்பதில்லை.

ஐவன் இல்லிச் 1974இல் வெளியிட்ட 'சக்தியும் சமத்துவமும்' என்ற நூலில் ஒரு பயனுள்ள கணக்கைத் தந்தார். அமெரிக்கர் ஒருவர் தம் காரில் இருக்கும் நேரத்துடன், அதற்குப் பணம் தேட உழைக்கும் நேரத்தையும் கூட்டினால், ஆண்டொன்றுக்கு 1,600 மணித்தியாலத்தில் 7,500 மைல் செல்கின்றார். அதாவது, மணிக்கு 5 மைலிலும் குறைவு. இல்லிச் மாக்சியவாதியல்லர், உற்பத்தி உறவுகளை விடுத்து வேகத்தையே நோயின் மூலமாகக் கண்டமை அவரது குறைபாடு. எனினும் கருவியின் வேகத்தில் அதனைப் பெறச் செலவிட்ட உழைப்பு நேரத்தையும் சேர்க்கவேண்டும் என்ற அவருடைய அளவுகோல் சக்கரத்துக்கும் பொருந்தும். பல மாத ஊதியத்தை விலையாகக் கொண்ட சக்கரம் நாளுக்குச் சில செக்கன்களை மிச்சப்படுத்துமாயின், அது அவ்வுழைப்பாளியைப் பொறுத்தவரை மெதுவான சக்கரமேயாகும்.

டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' திரைப்படம் (1948) இவ்வுண்மையைக் கலைவடிவில் உணர்த்துகின்றது. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் தேவை என்பதால், அடகிலிருந்து அதனை மீட்கக் குடும்பத்தின் படுக்கைவிரிப்புகள் அடகுக்குச் செல்கின்றன. அங்கு சைக்கிளின் வேகத்தை எவரும் அளக்கவில்லை. அது இருந்தால் வேலை, இல்லையேற் பட்டினி. 1990களின் முற்பகுதியில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் விறகும் மரக்கறியும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்றதை அறிந்தோருக்கு இது விளங்கும். 2022இல் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டபோது தெற்கிலும் வடக்கிலும் மக்கள் சைக்கிளை நாடினர். அதன் விலை பலருக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. இத்தகைய சூழல்களிற் பாரந்தாங்கும் தடித்த கம்பிகளும் ஒட்டுப்போட்ட ரயரும் கொண்ட சக்கரமே வேகமானது. ஏனெனில் அதுவொன்றே ஓடியது.

சக்கரத்தை மாற்றினால் வேகம் கூடுமா என்பதற்கு, கூடும் என்பதே விடை. ஆனால் அவ்விடை வரலாற்றில் மூன்று வெவ்வேறு பொருள்களைக் கொண்டிருந்தது. பெருஞ்சக்கரம் ஒரு வகுப்பினரின் தனியுரிமையாக வேகத்தைத் தந்தது. காற்றடைத்த சக்கரம், வெப்பநாடுகளின் உழைப்பாளரைப் பிழிந்தவாறே, தொழில்நாடுகளின் உழைப்பாளரிடம் வேகத்தைக் கொண்டு சேர்த்தது. வட்டுச் சக்கரமும் காபன் சக்கரமும், மிகச் சிறிய உண்மையான நன்மையை மிகப் பெரிய விலைக்குரிய பண்டமாக்கின. இம்மூன்றையும் ஒரே 'முன்னேற்றம்' என்ற சொல்லில் அடக்குவது வரலாறாகாது. நல்ல வீதிகள், எட்டத்தக்க விலையிற் சைக்கிள், பால் வெட்டுபவருக்கு வாழ்வதற்குரிய கூலி ஆகியனவும் வேகம் பற்றிய வினாவுக்குரிய விடைகளே. அவற்றைச் சக்கரத்தை ஆராய்பவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. அவை சமூகத்தின் தீர்மானத்துக்கு உரியவை.